விலாவுக்குக் கீழே

நாற்பத்தேழாம் கோப்பில்
காகிதத்தைவிட நூல் அதிகம்.
நீல நூல். பள்ளிச் சட்டைக்குக் காஜா எடுப்பது.

கிங்ஸ்டனிலிருந்து நாங்கள் அனுப்பியது
அச்சடித்த அட்டவணை:
தேதி, விலாவுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர்,
காய்ச்சல் உண்டா, இல்லையா.
அயோனி பக்னர் அதை மடித்து
ஒழுகுகிற சன்னல் இடுக்கில் மழைக்கு அடைத்துவிட்டாள்.

ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கிளம்புமுன்
மகனை மல்லாக்கப் படுக்கவைத்து
இடது விலா ஓரம் நூலின் நுனியைப் பிடிப்பாள்.
"மூச்சை இழு, கெஸ்டன்."
இழுப்பான்.
உள்ளிருந்து ஒன்று இறங்கிவந்து
பூனைக்குட்டி மூக்கால் இடிப்பதுபோல
அவள் விரலை இடிக்கும்.
இடித்த இடத்தில் ஒரு முடிச்சு.
மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துண்டிப்பாள்.
வாரம் ஒரு துண்டு. மாதம் ஓர் உறை.
மேசையில் வரிசையாக வைத்தால் தானே வரைபடமாகும்.

மண்ணீரல்.
பெயரிலேயே மண்ணை வைத்திருக்கிறது.
கிழடுதட்டிய சிவப்பணுக்களை வாங்கிக்கொண்டு
இரும்பை மட்டும் திருப்பித் தரும்.
அதன் சுவரெல்லாம் கீறல்கள்,
அணுவைவிடக் குறுகியவை.
வளையத் தெரிந்தது நுழைந்து போகும்,
விறைத்தது அங்கேயே மண்ணாகும்.
கெஸ்டனின் அணுக்களோ அரிவாள்கள்.
வளைந்தவைதான்,
ஆனால் வளையத் தெரியாதவை.

அதனால் வாசலில் எப்போதும் நெரிசல்.
ஏதோ ஒரு நாள் வாசலே அடைபடும்.
உள்ளே போகிற ரத்தம் உள்ளேயே தேங்கும்,
வயிறு வீங்கும், உதடு வெளுக்கும்.
காலையில் பந்து விரட்டிய பிள்ளை
விளக்கு வைக்கும்போது இருக்காது.
பழைய பதிவேட்டில் அப்படிப் பதினொரு பெயர்கள்.
எல்லாம், தொட்டுப் பார்க்கத்
தாய்மாருக்கு நாங்கள் சொல்லித் தராத காலத்தவை.

ஐம்பத்திரண்டாம் துண்டு
முந்தையதைப் போல் இரண்டு மடங்கு.
அன்று ஞாயிறு இல்லை.
செவ்வாய், விடியவில்லை.
அவள் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்:
"உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.
வெட்டிவைத்த சீமைப்பலா நிறம்."
போர்ட் ஆண்டோனியோ போகிற லாரியில்
வாழைத்தார்களுக்கு நடுவே ஏறியிருக்கிறாள்.
அவசரப் பிரிவில் இளம் மருத்துவர்
பேதியா, வாந்தியா, எப்போதிலிருந்து என்று
கேட்டுக்கொண்டே போக,
நேற்று முன்தினத்து நூலை மேசைமேல் வைத்தாள்.
பக்கத்தில் அன்றைய நூலை.
வேறு பேச்சில்லை.
ரத்தம் ஏறத் தொடங்கியபோது மணி எட்டு.

டாக்டர் வினெட் ஃபோர்ப்ஸின் கட்டுரையில்
இதற்கு ஒரே ஒரு வரி,
"தாயின் அளவீடு நம்பத்தக்கது" என்று.
படத்தில் ஒரு புள்ளி. நான்தான் வைத்தேன்.
நீலத்தில் வைக்கலாமா என்று கேட்டதற்கு
கறுப்பு மட்டும்தான் என்றது அச்சகம்.

அப்புறம் துண்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன.
மூன்று விரல்கடை.
ஒரு விரல்கடை.
நகக்கண்.
அடைபட்டு அடைபட்டுத் தழும்பேறி
உள்ளுக்குள் அது சுருண்டுகொண்டிருந்தது.
இது குணமாவதில்லை என்று
அவளிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது.
இனிமேல் கிருமிக்குக் காவல் கிடையாது,
தினம் இரண்டு வேளை பென்சிலின்,
உடம்பு சுட்டால் காத்திருக்காதே என்றேன்.
மாத்திரைகளை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டு
அவள் சொன்னாள்:
"சண்டைக்காரன்தான்.
ஆனாலும் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது."

போன வாரம் கடைசி உறை வந்தது.
காலி என்று நினைத்துக் கவிழ்த்தேன்.
மேசையில் உதிர்ந்தது நூலே இல்லாமல்
ஒரு முடிச்சு மட்டும்.

பூஜ்ஜியம் என்று எழுதுவதா,
இல்லை கட்டத்தை அப்படியே விடுவதா என்று கேட்க
ஃபோர்ப்ஸின் அறைக்குப் போனேன்.
சாப்பிடப் போயிருந்தார்.